ரெம்பாவ் தோட்டப்புறமும் குடல் காசநோயும்: இரத்தப் பரிசோதனைகளின் ஒரு நூற்றாண்டு

காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் நுரையீரலில் மட்டும் தங்குவதில்லை. குடற்சுவரில் குடியேறி அங்கே புண்ணையும் தடிப்பையும், நாளடைவில் குடலின் உள்வழியே அடைபடும் அளவுக்குச் சுருக்கத்தையும் உண்டாக்கும்போது அந்நோய் குடல் காசநோய் எனப்படுகிறது. நுரையீரல் காசநோய்க்கு இருமலும் சளியும் சாட்சியாக வெளியே வருகின்றன. குடல் காசநோய்க்கோ அப்படிப்பட்ட சாட்சி கிடையாது. விட்டு விட்டு வரும் வயிற்றுவலி, மாலை நேரத்துக் காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு, சில வேளை கழிச்சல், சில வேளை மலச்சிக்கல் என்று பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகளையே அது காட்டுவதால், வயிற்றைத் திறந்து பார்க்காமல் அதை உறுதி செய்ய இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. கையிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு இந்நோயைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வி மருத்துவ உலகில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருவதற்கு இதுவே காரணம். அக்கேள்வியின் வரலாற்றை நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் போன்ற ஒரு தோட்டப்புறத்தில் நின்று நோக்கினால், ஆய்வுக்கூடத்தில் சரியாகத் தோன்றிய பல சோதனைகள் உழைக்கும் மக்களின் உடலில் ஏன் தடுமாறின என்பது தெளிவாகும்.

ரெம்பாவ், மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்களின் 'அடாட் பெர்பாத்தே' எனும் தாய்வழி மரபு வேரூன்றிய மாவட்டம். 1895இல் உருவான நெகிரி செம்பிலான் கூட்டமைப்பில் இடம்பெற்று, மறு ஆண்டே ஐக்கிய மலாய் மாநிலங்களின் ஆட்சிக்குள் வந்த இம்மாவட்டத்தில், குலத்துப் பெண்களின் வழியே இறங்கும் பரம்பரை நிலங்களை 1909ஆம் ஆண்டின் மரபுநில உரிமைச் சட்டம் பிறர் கைக்குப் போகாமல் காத்தது. ஆகவே அந்நிலங்களுக்கு அப்பால் இருந்த மேட்டுக் காடுகளே ரப்பர்த் தோட்டங்களாக மாறின. செம்போங், பெடாஸ், அண்டையிலிருந்த லிங்கி ஆகிய பகுதிகளையும் சிரம்பானிலிருந்து தெற்கே தம்பின் நோக்கிச் சென்ற ரயில்பாதையையும் ஒட்டி வளர்ந்த பால்மரக் காடுகளுக்கு உழைப்பைத் தந்தவர்கள், ஆள்திரட்டும் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களாவர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி அவர்களுடைய கப்பற்செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் அந்த வரத்து தொடர்ந்தது.

தோட்ட நிருவாகங்கள் தம் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. பெரிய தோட்டங்கள் தமக்கெனவும், சிறிய தோட்டங்கள் பல ஒன்று சேர்ந்தும் நடத்திய அந்த ஆஸ்பத்திரிகளில் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தவர் 'டிரசர்' என்று மக்களால் அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரே. மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வந்து போகிறவராகவே இருந்தார். காய்ச்சலுக்குக் கொயினா, புண்ணுக்குக் கட்டு, கழிச்சலுக்குக் கலவை மருந்து என்று இயங்கிய அந்த இடத்தில், வயிற்றுவலியும் மெலிவும் கொண்டு வந்த ஒருவரின் குடலில் என்ன இருக்கிறது என்று அறியும் வழி எதுவும் இல்லை. மக்கள் வழக்கில் அது குன்மம் என்றும் கிரகணி என்றும் வழங்கியது. நுரையீரல் நோய் மட்டுமே சயரோகம், எலும்புருக்கி என்ற பெயர்களைப் பெற்றது. ஆகவே குடல் காசநோய் தோட்டப்புறத்தில் இருந்தபோதும் தன் பெயரால் அறியப்படாமலே இருந்தது.

காசநோய்க் கிருமி குடலை அடையும் வழிகளுள் முதன்மையானது, நுரையீரல் காசநோய் கொண்டவர் தம் சளியைத் தாமே விழுங்குவது. நோயுற்ற பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பது மற்றொரு வழி. ஐரோப்பாவில் பாலைச் சூடேற்றித் தூய்மை செய்யும் முறை பரவும் வரையில் பல குழந்தைகளுக்கு வயிற்றுக் காசநோயைத் தந்தது அந்த வழியே. லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைவீடுகளுக்குப் பின்புறம் மாடு வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களோ பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்கும் வழக்கமுடையவை என்பதால், மாட்டுக் காசநோய்க் கிருமிக்கு அங்கே வாய்ப்புக் குறைந்தது; இந்தியாவிலும் குடல் காசநோயாளிகளிடம் பெரும்பாலும் காணப்படுவது மனிதக் காசநோய்க் கிருமியே. இரத்தத்தின் வழியும் நிணநீரின் வழியும் அது குடலுக்குப் பரவக்கூடும். எவ்வழியில் வந்தாலும் அது பெரிதும் விரும்பித் தங்குமிடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பாகும். அங்கே நிணத் திசு மிகுந்திருப்பதும், உணவுக்கூழ் சற்றுத் தேங்கி நிற்பதும் கிருமிக்குத் தங்கும் இடமும் காலமும் தருகின்றன.

மலாயாவில் இரத்தத்தை ஆராய்ந்து நோயறியும் பணிக்கு மையமாக விளங்கியது 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம். அங்கே வளர்ந்த கலைகளுள் ஒன்று திரட்சிச் சோதனை. ஒரு நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. நோயாளியின் இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீரை, அதாவது சீரத்தை, அதே கிருமிகள் மிதக்கும் நீரோடு கலந்தால் அவ்வெதிர்ப்பொருள்கள் கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழாயின் அடியில் திரளாகப் படியச் செய்கின்றன. 1896இல் பெர்னான் விடால் இம்முறையைக் குடற்காய்ச்சலாகிய டைபாய்டைக் கண்டறியப் பயன்படுத்தினார். டைபஸ் காய்ச்சலுக்குரிய வெயில்–பெலிக்ஸ் சோதனை 1916இல் வந்தது. 1920களில் கோலாலம்பூர் கழகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் லெஸ்லரும் இந்தச் சோதனையைக் கையாண்டு, நகரக் கடைத்தெருக்களில் பரவிய டைபஸும் புதர்க்காடுகளிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் தொழிலாளர்களைத் தாக்கிய டைபஸும் வெவ்வேறானவை என்று காட்டினர். முன்னதன் சீரம் ஒரு வகைக் கிருமியைத் திரட்ட, பின்னதன் சீரம் கிங்ஸ்பரி வகை எனப்பட்ட வேறொன்றையே திரட்டியது. தோட்டத் தொழிலாளியின் இரத்தத் துளி, உலக மருத்துவம் அதுவரை தெளிவாக அறிந்திராத ஒரு வேறுபாட்டை மலாயாவிலிருந்து அறிவித்த நிகழ்ச்சி அது.

இத்தகைய வெற்றி காசநோய்க்கும் கிட்டும் என்று எதிர்பார்த்தது இயல்பே. பிரான்சில் அர்லுவானும் கூர்மோனும் 1898இலேயே காசநோய்க்கு ஒரு திரட்சிச் சோதனையை முன்வைத்தனர். அது நிலைபெறவில்லை, அதற்குப் பின்வந்த பல முயற்சிகளும் நிலைபெறவில்லை. அதன் காரணம் கிருமியின் வாழ்க்கை முறையிலேயே உள்ளது. டைபாய்டுக் கிருமி இரத்தத்தில் பரவிப் பெருகும்போது எதிர்ப்பொருள்கள் சில வாரங்களில் பெருமளவில் எழுகின்றன; காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்கவந்த வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து மெல்லப் பெருகுவதால், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அதை அடக்கிவைப்பவை டி அணுக்கள் எனப்படும் வேறொரு வகை வெள்ளணுக்களே. மேலும் மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகள் காசநோய்க் கிருமியோடு பல புரதங்களைப் பகிர்ந்துகொள்வதால், நோயில்லாத உழவரின் சீரமும் தோட்டத் தொழிலாளியின் சீரமும் சோதனைக் குழாயில் 'உண்டு' என்று சொல்லிவிடக்கூடும். நோய் முற்றி மெலிந்தவரின் சீரம் 'இல்லை' என்று சொல்லிவிடவும் கூடும்.

எதிர்ப்பொருளைத் தேடாத எளிய சோதனை ஒன்று அதே காலத்தில் உலகமெங்கும் பரவியது. சுவீடனின் ராபின் பாரேயுஸ் 1918இல் ஆராய்ந்து, ஆல்ப் வெஸ்டர்கிரென் 1921இல் நுரையீரல் காசநோயாளிகளிடம் முறைப்படுத்திய அது, செங்குருதியணுப் படிவு வேகம், சுருக்கமாக ஈ.எஸ்.ஆர்., எனப்படுகிறது. நான்கு பங்கு இரத்தத்தை, உறையாமலிருக்க ஒரு பங்கு சிட்ரேட் கரைசலோடு கலந்து, 200 மில்லிமீட்டர் வரை கோடிட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, தாங்கியில் செங்குத்தாக நிறுத்திவிட வேண்டும். சிவப்பணுக்கள் மெல்லக் கீழிறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து அத்தெளிவின் உயரத்தைக் கோட்டில் படித்தால் போதும். உடலில் அழற்சி மிகும்போது இரத்தப் புரதங்கள் சிவப்பணுக்களை நாணய அடுக்குப்போல் ஒட்டவைப்பதால் அவை விரைந்து இறங்குகின்றன. மின்சாரமும் நுண்ணோக்கியும் வேண்டாத இச்சோதனை, நோயாளி தேறுகிறாரா என்று கவனிப்பதற்கு மிகவும் பயன்பட்டது.

எனினும் இது தோட்டப்புறத்தில் குழப்பத்தையும் தரக்கூடியதாக இருந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை அமைப்பின் சார்பில் 1915 முதல் 1917 வரை மலாயா உள்ளிட்ட நாடுகளில் ஆய்வு நடத்திய சாமுவேல் டார்லிங்கின் குழு, தோட்டத் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழுவும் மலேரியாவும் எவ்வளவு ஆழமாகப் பரவியிருந்தன என்பதையும், அவற்றால் அவர்களுடைய இரத்தத்தின் ஈமோகுளோபின் எவ்வாறு குன்றியிருந்தது என்பதையும் பதிவு செய்தது. இரத்தச்சோகையே படிவு வேகத்தைக் கூட்டும், மலேரியாவும் கூட்டும். வெறுங்காலுடன் பால்வெட்டப் போய்க் கொக்கிப்புழுவை ஏற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் குழாயில் தெளிநீர் 60 மில்லிமீட்டர் நின்றால், அது குடலில் காசநோய் இருப்பதற்கும் அடையாளமாகலாம், இல்லாததற்கும் பொருந்தலாம். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த அளவுகோல், பல நோய்களை ஒருங்கே சுமந்த உடலில் தன் கூர்மையை இழந்தது என்பதே இதன் பொருள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய் மருத்துவமே மாறியது. ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியாசிட்டும் வந்தன. 1948இல் அமெரிக்காவின் மிடில்புரூக்கும் டுபோவும் காசநோய்க் கிருமியின் சாரத்தைச் சிவப்பணுக்களின் மேல் பூசிச் செய்யும் புதிய திரட்சிச் சோதனையை வெளியிட்டு மீண்டும் நம்பிக்கையூட்டினர். பலரும் செய்து பார்த்த பின் அதுவும் முந்தியவற்றின் வழியே போயிற்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சேனட்டோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் தம் எளிய வீட்டிலேயே மருந்துண்ணும் நோயாளிக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் உலகுக்கு அறிவித்தது. இலட்சக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்த முடிவு அது. மலாயாவில் 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி போடும் வழக்கம் நிலைபெற்றது. இத்திட்டங்கள் யாவும் சளிப் பரிசோதனையையும் நெஞ்சு ஊடுகதிர்ப் படத்தையும் தூண்களாகக் கொண்டிருந்தன. பிறருக்குத் தொற்றுவது நுரையீரல் நோயே என்பதால் அது சரியான முன்னுரிமைதான். ஆயினும் சளியில் தெரியாத குடல் நோயாளி அத்திட்டங்களின் ஓரத்திலேயே நின்றார்.

அந்த ஓரத்தில்தான் வணிகம் புகுந்தது. 1971இல் எங்வால், பெர்ல்மன் ஆகியோர் சுவீடனில் வெளியிட்ட எலைசா முறை, நொதியின் நிறமாற்றத்தைக் கொண்டு மிக நுண்ணிய அளவு எதிர்ப்பொருளையும் அளக்க உதவியது. 1976இல் அது காசநோய்க்கும் பயன்படுத்தப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் இம்முறையிலும், கருத்தரிப்புச் சோதனைப் பட்டை போன்ற விரைவு முறையிலும் காசநோய் இரத்தச் சோதனைகளை விற்றன. சளி தராத நோயாளிகளுக்கு, அவர்களுள் வயிற்று நோயாளிகளுக்கும், இந்தியாவின் தனியார் ஆய்வகங்களில் இவை தாராளமாக எழுதப்பட்டன. உலக நலவாழ்வு அமைப்பின் ஆதரவில் 2008இல் வெளியான ஒப்பாய்வு 19 விரைவுச் சோதனைகளை எடைபோட்டு, எதுவும் நம்பத்தக்கதல்ல என்று கண்டது. 2011 சூலையில் அவ்வமைப்பு, முனைப்பான காசநோயைக் கண்டறிய வணிக எதிர்ப்பொருள் சோதனைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. காசநோய்த் துறையில் ஒரு சோதனையை வெளிப்படையாக விலக்கிய அதன் முதல் கொள்கை அறிவிப்பு அது. ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய சோதனைகள் உலகில் செய்யப்படுவதாக அப்போது கூறப்பட்டது. 2012 சூனில் இந்திய அரசு அவற்றின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை மூன்றையும் தடைசெய்தது. நோயில்லாத எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மருந்து விழுங்கியதும், நோயுள்ள எத்தனையோ பேர் வெறுங்கையுடன் வீடு திரும்பியதும் நிகழ்ந்த பின்னரே அத்தடை வந்தது என்பது வருந்தத்தக்க உண்மை.

எதிர்ப்பொருளை விட்டு டி அணுக்களை வினவும் புதிய வழி மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் மாடுகளின் காசநோயை அறிய, அவற்றின் இரத்தத்தில் காசநோய்ப் புரதத்தைக் கலந்து, முன்பே அக்கிருமியைச் சந்தித்த டி அணுக்கள் இண்டர்பெரான் காமா எனும் பொருளைச் சுரக்கின்றனவா என்று அளந்தனர். மனிதருக்கு மாற்றியமைக்கப்பட்ட அம்முறையும், ஆக்ஸ்போர்டில் அஜித் லால்வானி உருவாக்கிய அதன் உறவு முறையும் சேர்ந்து 'இக்ரா' சோதனைகள் எனப்படுகின்றன. இவை பயன்படுத்தும் இரு புரதங்கள் பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இல்லை. ஆகவே 1961க்குப் பின் பிறந்து தடுப்பூசி பெற்ற மலேசியர்களிடம் தோலில் ஊசியிட்டுச் செய்யும் பழைய மாண்டூ சோதனை தரும் குழப்பம் இதில் குறைகிறது. இன்று பரவலாக உள்ள வகையில், வெவ்வேறு நிற மூடிகளுள்ள 4 சிறு குழாய்களில், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டராக, இரத்தம் எடுக்கப்படுகிறது. ஒன்றில் எதுவுமில்லை, இரண்டில் காசநோய்ப் புரதங்கள், மற்றொன்றில் டி அணுக்கள் விழித்திருக்கின்றனவா என்று பார்க்கும் தூண்டுபொருள். குலுக்கப்பட்ட குழாய்கள் உடல் வெப்பத்தில் 16 முதல் 24 மணி நேரம் வைக்கப்பட்ட பின் அளவு எடுக்கப்படுகிறது.

ஆனால் இச்சோதனை விடைதருவது 'இவ்வுடல் காசநோய்க் கிருமியை எப்போதேனும் சந்தித்ததா' என்ற கேள்விக்குத்தான். 'இன்று இக்குடலில் நோய் எரிகிறதா' என்ற கேள்விக்கு அன்று. காசநோய் மலிந்த சூழலில் வளர்ந்த பலருடைய உடலில் கிருமி உறங்கிக் கிடக்க, அவர்கள் ஆயுள் முழுதும் நலமாகவே இருப்பார்கள்; அவர்களுடைய சோதனையும் 'உண்டு' என்றே வரும். எனவே இக்ரா தனித்து நின்று முனைப்பான நோயை உறுதி செய்வதில்லை.

எனினும் அதற்கு ஓர் உண்மையான இடமுண்டு; அந்த இடம் மலேசியத் தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1932இல் கிரோனும் அவருடைய சக மருத்துவர்களும் விவரித்த கிரோன் நோய், கிருமியால் நேரடியாக வராமல் உடலின் எதிர்ப்பாற்றலே குடலைப் புண்ணாக்கும் நாட்பட்ட நோய். அதுவும் அதே சிறுகுடல் முடிவிடத்தில் அதே போன்ற புண்ணையும் சுருக்கத்தையும் உண்டாக்குகிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுகள், மலேசியாவில் இவ்வகைக் குடல் அழற்சி நோய்கள் மற்ற இனத்தாரைவிட இந்திய வழியினரிடம் மிகுதி என்று காட்டியுள்ளன. ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்ட காசநோயாளிகள் அண்மைக் காலத்தில் பதிவாகும் நாட்டில், பால்மரக் காட்டுத் தலைமுறைகளின் வழிவந்த ஒருவருக்கு இவ்விரு நோய்களும் சம அளவில் ஐயத்துக்குரியவை ஆகின்றன. தவறினால் விளைவு கொடிது: காசநோயைக் கிரோன் என்று எண்ணி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும், கிரோனைக் காசநோய் என்று எண்ணினால் உரிய சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

இந்தப் பிரிவினையில் இரத்தம் எவ்வளவு உதவும் என்பது ஆசியாவில் பலமுறை ஆராயப்பட்டது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் மேனாட்டில் கிரோனின் அடையாளமாகக் கருதப்பட்டது; டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தபோது அது குடல் காசநோயாளிகளிடமும் காணப்பட்டு, பிரித்தறிய உதவவில்லை. இக்ராவோ, ஆசிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, நூற்றுக்கு எண்பது சொச்சம் என்ற அளவில் இரண்டையும் பிரித்தது. எஞ்சியவர்களிடம் அது தவறியது. மிக உறுதியான சான்று திசுவிலேயே உள்ளது. பெருங்குடல் அகநோக்கியால் கிள்ளியெடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அணுக்கள் திரண்டு நிற்கும் கிரானுலோமாக்களின் பருமனும் எண்ணிக்கையும், அவற்றின் நடுவே பாலாடைக்கட்டி போன்று சிதைந்த பகுதியும் காசநோயை எவ்வாறு சுட்டுகின்றன என்பதை 1990களின் இறுதியிலிருந்து விரிவாக வகுத்தளித்தவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள்.

ரெம்பாவின் பல தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை சிரம்பான், செனவாங், நீலாய் ஆகிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. டிரசரின் ஆஸ்பத்திரிக்குப் பதில் அரசு நலவாழ்வு மையமும் சிரம்பானின் துவாங்கு ஜாபார் மருத்துவமனையும் இன்று நோயாளியை எதிர்கொள்கின்றன. நூறாண்டுக் கால முயற்சி அங்குள்ள மருத்துவர்களிடம் விட்டுச்சென்ற பாடம் எளியது: ஈமோகுளோபினும் படிவு வேகமும் நோயின் சுமையைக் காட்டும், இக்ரா ஐயத்தை ஒரு பக்கம் சாய்க்கும், தீர்ப்பை அகநோக்கியும் திசுவும் கிருமி வளர்ப்பும், தேவையானால் மருந்து கொடுத்து இரண்டு மூன்று மாதங்களில் புண் ஆறுகிறதா என்று மீண்டும் பார்ப்பதும் சேர்ந்தே தரும். இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ஒரு சொல்லை நம்பி மருந்தைத் தொடங்குவதும் தவறு, அதே தாளை நம்பி நோயில்லை என்று இருந்துவிடுவதும் தவறு. வாரக்கணக்கில் வயிற்றுவலியும் காய்ச்சலும் எடைக்குறைவும் தொடர்ந்தால், குன்மம் என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் தெரியாமலே தோட்டங்களில் பலரை மெலிவித்த இந்நோய், உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் இன்று பெரும்பாலோர்க்கு 6 மாத மருந்தில் குணமாகிறது.